பிறந்த தேதி

நவம்பர் இரண்டாம் ஞாயிறு.
ஆராதனை முடிந்ததும் சபையார் சாலையைக் கடந்து
பள்ளிக்கூட வராந்தாவுக்கு வருவார்கள்.
சைனகுண்டா மலைமேல் மேகம் இறங்கியிருக்கும்.
ஆந்திரா பஸ்கள் வளைவில் ஹாரன் அடிக்கும்.
எங்கள் இரண்டு நிமிட மௌனத்தை
அவை ஒரு வருஷமும் மதித்ததில்லை.

சனிக்கிழமையே பித்தளைத் தகட்டைப்
புளி போட்டுத் தேய்த்து வைப்பேன்.
இளநிலை உதவியாளருக்கு அது வேலை இல்லை.
ஆனாலும் பதினோரு வருஷமாய் நான்தான்.

ஐந்து பெயர்கள்.
யோபு. ரத்தினம் ஏலியா. சி. மாசிலாமணி.
கோவேறு கழுதைகளை ஓட்டிப்போன பாக்கியம் தொம்மை.
கடைசியில், அ. சகரியா, வயது 19.
மற்ற நால்வருக்கும் வயது இல்லை.

பழைய பீரோவில் ஒரு ரசீது கிடைத்தது.
சித்தூர் பாத்திரக்கடை. தகடு ஒன்று.
வெட்டுக்கூலி எழுத்துக்கு ஓரணா.
அடியில்: பள்ளிக் கணக்கு அல்ல, சொந்தப் பணம்,
வே. ஞானசிகாமணி, தலைமையாசிரியர்.
ஹாலில் மாலையோடு தொங்குகிறாரே, அவர்தான்.
சாக்பீஸ் துண்டுகளை எண்ணித் திரும்ப வாங்கியவர்
அந்த ஒரு வயதுக்கு மட்டும்
ஐந்தணா கூடுதலாய்க் கொடுத்திருக்கிறார்.

சேர்க்கைப் பதிவேடு, 1938, பக்கம் நாற்பத்தொன்று.
நீல மையில் பிறந்த வருஷம் 1926.
ஆறின் மேல் கறுப்பு மையில்
ஒரு நான்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது.
அடியில் ஆறின் வயிறு இன்னும் தெரிகிறது.
ஓரத்தில், திருத்தியது சரி.
ரசீதில் இருக்கும் அதே கையெழுத்து,
'ஞா'வின் கால் அதே மாதிரி நீண்டு.

பையன் மேசையோரம் நின்று கேட்டிருப்பான்.
அவன் வீட்டில் என்ன இருந்தது, எனக்குத் தெரியாது.
அந்த வருஷம் மழை பெய்ததா, தெரியாது.
பட்டாளத்தில் மூன்று வேளையும் சோறு என்பது
ஊருக்கே தெரிந்திருக்கும்.
ஐயா பேனாவை மாற்றி எடுத்தார்.
நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

பர்மா எல்லை, நாற்பத்துநாலு, மே மாதம்.
ஆனி வந்திருந்தால் பதினெட்டு.

போன செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டாம் வகுப்பு ஜெரோம் வந்தான்.
தரையெல்லாம் என்.சி.சி. பூட்ஸ் சத்தம்.
"மேடம், வேலூர்ல ஆள் எடுக்கறாங்க.
எனக்கு நாப்பது நாள் கொறையுது.
ஒரு தேதிதானே, பாத்துப் போடுங்களேன்."
சிரைக்க ஒன்றுமில்லாத கழுத்தில்
பிளேடு கீறிய ஒரு சிவப்புக் கோடு.

கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, ஆதாரில் ஏறிவிட்டது,
இங்கே ஒன்றும் மாற்ற முடியாதுப்பா என்றேன்.
பொய்யில்லை.
பேரணாம்பட்டுத் தோல்ஷாப்பில் அவன் அம்மாவுக்கு
மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை,
அது எனக்குத் தெரியும்.
மாற்ற முடிந்திருந்தால்?
பதிவேட்டை மூடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
சாவியை அன்று வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இன்றைக்குப் போதகர் ஜெபம் செய்தார்.
சத்தீஸ்கரில் கணவனை இழந்த எஸ்தர் ராணிக்குப்
பொன்னாடை போர்த்தினார்கள்.
போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார்,
கழற்றி மறுபடி போர்த்தினார்கள்.
செல்போனில் பியூகிள் வைத்தோம்,
பாதியில் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.
ஆறாம் வகுப்பு சிரித்து, அடி வாங்கி, அடங்கியது.

பிறகு பெயர்கள். மைக் என் கையில்.
யோபு. ரத்தினம் ஏலியா. மாசிலாமணி. தொம்மை.
அ. சகரியா, என்றேன்.
வயது,
என்று எடுத்தவள் அதோடு நின்றுவிட்டேன்.
பதினொரு தடவை வாசித்த எண்
வாயில் வரவில்லை. மற்ற எண்ணும் வரவில்லை.

மௌனம் தொடங்கிவிட்டதென்று
சபை முழுக்கத் தலைகுனிந்தது.
பலமநேர் பஸ் ஒன்று வளைவில் நீளமாய் அலறியது.
வரிசையில் ஜெரோம் மட்டும் நிமிர்ந்து
தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கழுத்துக் கீறல் ஆறியிருந்தது.